போனைப் பிடுங்க மாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள்

(பிள்ளைகளின் இணையப் பாதுகாப்பு பற்றிய பெற்றோர் கூட்டமொன்றில் பேசியது. மேடையில் உளறிய இடங்களை மட்டும் கொஞ்சம் சரிசெய்து எழுதியிருக்கிறேன்.)

கூட்டத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி எனக்கென்று ஒன்றும் மிச்சம் வைக்காமல் அள்ளிக்கொண்டு போன சைபர் குற்றப்பிரிவு ஆய்வாளர் அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகச் செயலாளர் அவர்களே, வேலைக்கு நடுவே ஓடி வந்திருக்கும் பெற்றோர்களே, வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைமையாசிரியை அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி. இந்த மாதிரிக் கூட்டம் என்று போய்க் கேட்டால் "எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பிரச்சினையெல்லாம் இல்லை சார்" என்று வாசலிலேயே அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. இவர் "பிள்ளைகளையும் வைத்துக்கொண்டே பேசுங்கள், ஒளித்துப் பேச என்ன இருக்கிறது" என்றார். செயலாளருக்கும் நன்றி, நாற்காலி பற்றாமல் போனபோது அவரே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். ஆய்வாளர் ஐயாவுக்கு வேறு வேலை காத்திருக்கிறது, இருந்தும் என் பேச்சு முடியும்வரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்காகவாவது சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறேன்.

மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். ஒன்று, கணக்கைப் பூட்டுவது. இரண்டு, முகம் தெரியாத நட்பு. மூன்று, ராத்திரி நேரம். மூன்றுக்கும் ஒரே பழமொழிதான் வைத்திருக்கிறேன்: தோளுக்கு மிஞ்சினால் தோழன். எந்தக் கூட்டத்திலும் இதை நான் விடுவதில்லை, என் வீட்டிலேயே கேலி செய்கிறார்கள், பரவாயில்லை.

முதல் விஷயம். இன்று ராத்திரி பிள்ளையோடு உட்கார்ந்து செட்டிங்ஸைத் திறங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள், அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கிற ஏற்பாடு. யார் மெசேஜ் அனுப்பலாம் என்ற இடத்தைப் பாருங்கள், லொகேஷனை அணையுங்கள். அப்புறம் பிறந்த தேதியைப் பாருங்கள், இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. 13 வயது ஆனால்தான் கணக்கு என்று எல்லா ஆப்பும் சொல்கிறதே, அது ஏதோ டாக்டர்கள் கூடிப் பேசி வைத்த வயது என்று நினைக்கிறோம். 1998-இல் அமெரிக்காவில் போட்ட ஒரு சட்டம்; 13 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் விவரங்களைப் பெற்றோரைக் கேட்காமல் திரட்டக் கூடாது என்றது. கம்பெனிகள் அந்த வயது வரம்பை அப்படியே பிடித்துக்கொண்டன. பிள்ளையின் மனசுக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே கிடையாது. சரி, பத்து வயதுப் பிள்ளை அழுதது என்று நாமே உட்கார்ந்து பதினெட்டு வயது என்று போட்டுக் கொடுத்தோம். 2024 செப்டம்பரில் இன்ஸ்டாகிராம், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் கணக்கைத் தானாகவே ப்ரைவேட் ஆக்குகிற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது, தெரியாதவர் மெசேஜ் அனுப்பவும் தடை போட்டது. நம் பிள்ளைக்கு அது வந்ததா? ஆப்பின் கணக்கில் அவனுக்கு இப்போது இருபத்து மூன்று வயது! பாதுகாப்பை வாசலிலேயே திருப்பி அனுப்பியது நாம்தான். வீட்டுக்குப் போனதும் அந்தத் தேதியைத் திருத்துங்கள்.

இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு வீடு. பையனுக்குப் பதினைந்து. நல்ல பையன், கொஞ்சம் கூச்சம். ஒரு நாள் ஒரு பெண்ணிடமிருந்து ஃபாலோ ரிக்வெஸ்ட் வருகிறது. அவனுடைய நண்பர்கள் நாலு பேர் ஏற்கெனவே அவளுக்கு நண்பர்கள், அதனால் இவனுக்குச் சந்தேகமே இல்லை. அந்த நாலு பேரும் இவனைப் போலவே யாரென்று தெரியாமல் சேர்த்துக்கொண்டவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ரெண்டு நாள் பேச்சு, கிரிக்கெட், பரீட்சை, ஒரே சிரிப்பு. அப்புறம் "இங்கே வேண்டாம், வேறு ஆப்புக்கு வா" என்கிறாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு படம் வருகிறது, எந்த மாதிரிப் படம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "நான் அனுப்பினேன் இல்லையா, நீயும் அனுப்பு." இவனும் அனுப்பிவிட்டான். அனுப்பிய மறு நிமிடம் அந்தப் பெண் காணாமல் போய்விட்டாள். அடுத்து வந்தது ஒரு ஸ்கிரீன்ஷாட்: இவனுடைய ஃபாலோயர்ஸ் பட்டியல், அதில் அத்தை பெயர், வகுப்பு டீச்சர் பெயர், எல்லாம். பக்கத்தில் இவன் படம். கீழே ஒரே வரி: பணம் அனுப்பு, பத்து நிமிடம் தருகிறேன்.

இதற்கப்புறம் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? பையன் திருந்திவிட்டான்! சாப்பாட்டு நேரத்தில் போனைத் தொடுவதில்லை. சொல்லாமலே பாத்திரம் கழுவுகிறான். தங்கையோடு சண்டை இல்லை. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நான் போட்ட போடு, பையன் இப்போது போன் பக்கமே போவதில்லை" என்று ஆபீஸில் சொல்கிறார், அடுத்த வீட்டில் சொல்கிறார், என்னிடமே ஃபோன் செய்து சொன்னார், நானும் கைதட்டாத குறையாகப் பாராட்டினேன். (கூட்டத்தில் சிரிப்பு.) சிரிக்கிறீர்கள். அந்தப் பையன் ராத்திரி ஒன்றரை மணிக்குப் போர்வைக்குள் "நாளைக்குக் கட்டாயம் அனுப்புகிறேன் அண்ணா, இன்னும் ஒரு நாள் கொடுங்கள்" என்று டைப் அடித்துக்கொண்டிருந்தான். மிரட்டுகிறவனைப் போய் அண்ணா என்கிறான், பாருங்கள். அம்மாவின் கார்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் போயிருக்கிறது. ஒவ்வொரு முறை கொடுத்த பிறகும் தொகை ஏறியது. கடைசியில் பேங்க் மெசேஜைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தார்.

எல்லாம் முடிந்த பிறகு நான் அந்தப் பையனிடம் கேட்டேன், ஏன்டா முதல் நாளே சொல்லவில்லை, அப்பா அடிப்பார் என்று பயமா? இல்லை என்றான். அப்பா முன்பே ஒருமுறை "ஏதாவது ஏடாகூடமாகக் கேள்விப்பட்டேன், போனை உடைத்துப் போட்டுவிடுவேன்" என்று சொல்லியிருக்கிறார். பையன் சொன்னான்: "அங்கிள், போன் போனால் போகட்டும். ஆனா போன் என் கையில் இல்லையென்றால் அவன் மெசேஜுக்குப் பதில் போட முடியாது, பதில் வரவில்லையென்றால் எல்லோருக்கும் அனுப்பிவிடுவான்." அவன் கையில் இருந்த ஒரே கேடயம் அந்தப் போன்தான் என்று நம்பியிருக்கிறான். நாமோ, எடுத்த எடுப்பில் அதைத்தான் பிடுங்குகிறோம். தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்று சும்மாவா சொன்னார்கள்? எந்தத் தோழன் வந்து கஷ்டத்தைச் சொன்னவன் கையிலிருந்து பொருளைப் பிடுங்குவான்?

பெண் பிள்ளைகளை மட்டும் கண்காணித்தால் போதும் என்று நினைக்கிற அப்பாக்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். இப்படிப் பணம் பறிக்கிற மிரட்டலில் பெரும்பாலும் சிக்குவது 14 முதல் 17 வயதுப் பையன்கள் என்று அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று ஆய்வாளர் ஐயா விளக்கமாகச் சொல்லிவிட்டார், நான் சுருக்கமாக. பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் நிற்காது. சாட் மெசேஜ்களை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி; முதலில் ஸ்கிரீன்ஷாட், கணக்கின் பெயர், பணம் கேட்ட விவரம் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் ரிப்போர்ட், பிளாக், புகார். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. டேக் இட் டவுன் என்று இலவசச் சேவை ஒன்று இருக்கிறது, காணாமல் போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்காவின் தேசிய மையம் நடத்துவது, எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம். பதினெட்டு வயதுக்கு முன் எடுத்த படம் என்றால் போதும், பெயர் சொல்ல வேண்டாம். படத்தை அவர்களுக்கு அனுப்பவும் வேண்டாம்: உங்கள் போனுக்குள்ளேயே அந்தப் படத்துக்குக் கைரேகை மாதிரி ஒரு எண் உருவாகிறது, அந்த எண் மட்டும்தான் வெளியே போகும், இதில் சேர்ந்திருக்கிற இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்றவை அந்த எண்ணை வைத்துப் படத்தைத் தேடித் தடுக்கும். வாட்ஸ்அப் மாதிரி மறையாக்கம் செய்த, அதாவது அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டிய, ஆப்களுக்குள் போய்ப் பார்க்க அதால் முடியாது. இருந்தாலும் நடுங்கிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய மூச்சு!

ஆனால் பிள்ளை வாயைத் திறந்தால்தானே இதெல்லாம்? ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கே கூடாது, மீறினால் அபராதம் கம்பெனிக்குத்தான், பெற்றோருக்கோ பிள்ளைக்கோ கிடையாது. அபராதம் போகிற திசை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் பதினாறாவது பிறந்தநாள் வரத்தானே போகிறது, அன்றைக்கும் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

அதற்குத்தான் இந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறேன். இதில் பெரிதாக ஒன்றும் இல்லை, மூன்று வரி: "இணையத்தில் என்ன நடந்தாலும் என்னிடம் சொல். சொன்னதற்காகப் போனைப் பிடுங்க மாட்டேன். அன்றைக்குத் திட்டவும் மாட்டேன்." கீழே கையெழுத்து. வாயால் சொன்னால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. "உடைத்துப் போட்டுவிடுவேன்" என்பதையும் வாயால்தான் சொன்னோம், அதுதான் நினைவில் நிற்கிறது. இப்படி எழுதிக் கொடுத்தால் பிள்ளை தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்றும் சொல்கிறார்கள். விடிய விடிய கேம் ஆடினானா, தாராளமாக வாங்கிப் பூட்டி வையுங்கள், அது வேறு கணக்கு. உதவி கேட்டு வந்ததற்காக மட்டும் வாங்காதீர்கள், அவ்வளவுதான் நான் கேட்பது. தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்பதைச் சுவரில் எழுதிப் போடுகிறோம், இதில் ஒரு கையெழுத்துப் போட மட்டும் கை நடுங்குகிறது. தலைமையாசிரியை அம்மாவிடம் இந்த மேடையிலேயே ஒரு விண்ணப்பம்: அடுத்த ஆண்டு சேர்க்கைப் படிவத்தோடு இந்தக் காகிதத்தையும் சேர்த்துவிடுங்கள். தலையாட்டுகிறார்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டீர்கள்!

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மூன்றாவது விஷயம் ராத்திரி நேரம் என்றேன், அதற்கு நேரமில்லை. எல்லோர் போனும், உங்களுடையதையும் சேர்த்துத்தான், படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஏறட்டும், மிச்சத்தை இன்னொரு நாள் பேசலாம். காகிதம் வாசல் மேஜையில் இருக்கிறது. வீட்டுக்கு ரெண்டு எடுங்கள், ஒன்று பிள்ளை கையில் இருக்க வேண்டும். போன கூட்டத்தில் அப்பாக்கள் எல்லாம் "அம்மா போட்டால் போதும்" என்று நழுவிவிட்டார்கள், அதனால் இந்த முறை கையெழுத்துக்கு ரெண்டு கோடு போட்டு அச்சடித்திருக்கிறேன். பேனா இல்லை என்று யாரும் தப்பிக்க முடியாது, அதையும் செயலாளர் வாங்கி வைத்திருக்கிறார்.