டைம் அவுட் கேட்டது யார்?

(திரையில்: கூடைப்பந்து ஸ்கோர்போர்டு. 8 நொடி பாக்கி, ஒரு பாயின்ட் வித்தியாசம்.)

பந்து தரையில் உருளுகிறது. நாலு பேர் அதன் மேல் விழுகிறார்கள். நடுவரின் முதுகுப் பக்கமிருந்து ஒரு குரல்: "டைம் அவுட்!" அதாவது, ஆட்டத்தை நிறுத்தி எங்கள் அணிக்குச் சின்ன இடைவேளை கொடுங்கள். விசில். ஜிம்மில் பாதிப் பேர் "பந்து எங்கள் பையன் கையில்தான் இருந்தது" என்கிறார்கள். மீதிப் பேர், "ரெண்டு பேருமே பிடித்திருந்தார்களே!"

அமெரிக்க ஹைஸ்கூல் கூடைப்பந்தில் இது பழைய சண்டை. நடுவர் ஒருபக்கம் சாய்ந்துவிட்டார் என்பார்கள். எனக்கென்னவோ விதியின் மேல்தான் சந்தேகம்.

அங்கே பள்ளி ஆட்டங்களுக்கு விதி எழுதுவது என்எஃப்ஹெச்எஸ் என்ற தேசியக் கூட்டமைப்பு. ஒரு அணிக்கு 60 நொடி டைம் அவுட் மூன்று, 30 நொடியில் இரண்டு. ஆட்டம் ஓடும்போது கேட்டால், பந்து அந்த அணியின் ஆட்டக்காரர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். கேட்பவர் களத்தில் நிற்கும் ஆட்டக்காரராகவோ தலைமைக் கோச்சாகவோ இருக்க வேண்டும். உதவிக் கோச் கத்தினால் செல்லாது.

(திரையில்: நடுவரின் பார்வைக் கோணம்.)

இப்போது நடுவரின் இடத்தில் நின்று பாருங்கள். கண் பந்தின் மேல், குரல் பின்னால். கத்தியது தலைமைக் கோச்தானா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி பந்தைப் பார்ப்பதற்குள் எதிரணிக் கையும் அதில் விழுந்திருக்கும். அது ஜம்ப் பால். ஸ்கோர் மேஜையில் இரு அணிக்கும் மாறி மாறித் திரும்பும் அம்புக்குறி அப்போது காட்டும் அணிக்குப் பந்து. அரை நொடி முன்னால் விசில் வந்திருந்தால் பந்து கேட்ட அணிக்கே. ஆக, அந்த அரை நொடியில்தான் ஆட்டமே இருக்கிறது.

காது ஏமாறுவதும் உண்டு. கோச் "சைட் அவுட்" என்று ஆட்ட உத்தியைச் சொல்ல, நடுவர் டைம் அவுட் என்று ஊதிவிட்டால்? அது தவறான விசில். டைம் அவுட் கணக்கில் ஏறாது, விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடரும். ஆனால் பந்து இல்லாத அணியின் கோச் நிஜமாகவே கேட்டு, நடுவர் மறந்துபோய்க் கொடுத்துவிட்டால் திரும்பப் பெற முடியாது. அந்த அணியின் கணக்கில்தான் கழியும்.

கையிருப்பு தீர்ந்தபின் கேட்டால் டெக்னிக்கல் ஃபவுல்; எதிரணிக்கு ஃப்ரீ த்ரோவும் பந்தும் போகும். கல்லூரி ஆட்டத்திலும் இப்படித்தான்: 1993 இறுதிப் போட்டியில் 11 நொடி இருக்க, 71-73 என்று பின்தங்கியிருந்த மிச்சிகனின் கிறிஸ் வெப்பர் இல்லாத டைம் அவுட்டைக் கேட்டார். நார்த் கரோலினா 77-71 என ஜெயித்தது.

சரி, தீர்ப்பு தப்பென்றால் அப்பீல் செய்யலாமா? 2024 மார்ச்சில் நியூ ஜெர்சியில் மனாஸ்குவான் பள்ளி கடைசி நொடியில் போட்ட கூடையை முதலில் ஒப்புக்கொண்ட நடுவர்கள் பிறகு ரத்துசெய்தார்கள். எதிரணியான கேம்டன் 46-45 வெற்றி. ரத்துசெய்தது தவறு என்று மாநில சங்கமே சொன்னது. ஆனாலும் நடுவர்கள் களத்தை விட்டுப் போனபின் முடிவு மாறாது என்றது. கோர்ட்டுக்குப் போயும் பலனில்லை.

(திரையில்: ஸ்கோர் மேஜை.)

கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் 2015-16 சீசனிலிருந்து, பந்து ஓடும்போது கோச் டைம் அவுட் கேட்கக் கூடாது என்று மாற்றினார்கள்; 2019-20 முதல் கடைசி இரண்டு நிமிடங்களில் மட்டும் மறுபடி கேட்கலாம் என்றார்கள். நம் ஊரில் ஆடும் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதியில் இந்தத் தலைவலியே கிடையாது. கோச் ஸ்கோர் மேஜைக்குப் போய்க் கேட்பார்; பந்து நின்றபின், அல்லது எதிரணி கூடை போட்டபின், மேஜையிலிருந்து ஹாரன் அடிக்கும். மாட்டிக்கொண்ட பையனைக் கத்திக் காப்பாற்ற முடியாதுதான். ஆனால் நடுவர் பந்தை மட்டும் பார்த்தால் போதும்.