கூண்டில் ஆள் இல்லாமல் வழக்கு நடந்தால், அவருக்காக யார் பேசுவது?

(திரையில்: சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகம், காலை நேரம். வழக்குப் பட்டியலைப் பார்த்துக்கிட்டு நிக்கிற கூட்டம்.)

வணக்கம். ஒரு கொலை வழக்குன்னு வச்சுக்குங்க. சாட்சிங்க வந்துட்டாங்க, அரசு வக்கீல் வந்துட்டார், நீதிபதியும் உக்காந்துட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் மட்டும் இல்லை. முன்னாடியெல்லாம் இந்த மாதிரி நேரத்துல சாட்சி சொல்றதைப் பதிவு பண்ணி வைக்கலாம், அதுக்கு மேல வழக்கு நகராது. ஆள் கிடைக்கிற வரைக்கும் தண்டனை கொடுக்க முடியாது.

2024 ஜூலை 1-ஆம் தேதியில இருந்து அது மாறிப்போச்சு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவோட 356-வது பிரிவு, அவர் இல்லாமலே விசாரணையை முடிச்சுத் தீர்ப்பும் சொல்லலாம்னு சொல்லுது.

(திரையில்: "356" என்ற எண் பெரிதாக.)

தலைமறைவா இருக்கிறவர், தான் நேர்ல நின்னு விசாரிக்கப்படுற உரிமையை விட்டுக்கொடுத்ததா சட்டம் எடுத்துக்குது. அந்த ஒரு உரிமையைத்தான். வக்கீல் வச்சுக்கிற உரிமை அப்படியேதான் இருக்கு. அவருக்குன்னு வக்கீல் இல்லேன்னா, அரசு செலவுல ஒரு வக்கீலை நியமிச்சே ஆகணும்னு அதே பிரிவோட மூணாவது உட்பிரிவு சொல்லுது. இந்த வீடியோ முழுக்க அந்த ஒரு வரியைப் பத்தித்தான்.

ஒரு வாய்தாவுக்குப் போகலேன்னாலே இப்படி ஆயிடுமான்னு பயப்பட வேண்டாம். பத்து வருஷமோ அதுக்கு மேலயோ சிறை, ஆயுள், தூக்கு, இந்த அளவுக்குத் தண்டனை இருக்கிற குற்றங்கள்ல, நீதிமன்றம் "பிரகடனக் குற்றவாளி"ன்னு, அதாவது ஆஜராகச் சொல்லியும் வராம தலைமறைவா இருக்கிறவர்னு, அறிவிச்சவங்களுக்குத்தான் இது முதல்ல பொருந்தும். மத்த வழக்குகள்ல தலைமறைவானவங்களுக்கும் இதை விரிவுபடுத்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு.

(திரையில்: ஏற்காடு மலைப்பாதை, கொண்டை ஊசி வளைவு. காபித் தோட்டத்துக்கு நடுவில் ஒரு பூட்டிய வீடு.)

சேர்வராயன் மலையில ஒரு கிராமம். அங்க ஒருத்தர் மேல கடுமையான வழக்கு இருக்கு. ஆள் கேரளாவுக்கு மிளகு பறிக்கிற வேலைக்குப் போயிட்டார். நிஜமாவே தப்பிச்சு ஓடினாரா, சம்மனே கைக்கு வராம போனாரான்னு நமக்குத் தெரியாது. நீதிமன்றம் என்னவெல்லாம் செய்யணும்?

குறைஞ்சது முப்பது நாள் இடைவெளி விட்டு ரெண்டு பிடிவாரண்ட் போடணும். அவர் கடைசியா குடியிருந்த ஊர்ல வர்ற பேப்பர்ல, "முப்பது நாளுக்குள்ள ஆஜராகலேன்னா நீங்க இல்லாமலே விசாரணை தொடங்கும்"னு விளம்பரம் கொடுக்கணும். சொந்தக்காரங்களோ நண்பர்களோ இருந்தா அவங்களுக்குத் தகவல் சொல்லணும். வீட்டுல கண்ணுல படுற இடத்துல நோட்டீஸ் ஒட்டணும், காவல் நிலையத்துலயும் வைக்கணும். குற்றச்சாட்டு வனைஞ்ச, அதாவது இன்னின்ன குற்றத்துக்கு விசாரணைன்னு நீதிமன்றம் எழுதி முடிவு பண்ணின தேதியில இருந்து தொண்ணூறு நாள் போகாம விசாரணையைத் தொடங்கவே கூடாது.

காகிதத்துல நல்லாத்தான் இருக்கு. ஆனா பேப்பர் வராத ஊர்ல அந்த விளம்பரத்தை யார் படிப்பாங்க? பூட்டின வீட்டுக் கதவுல ஒட்டின நோட்டீஸ் ரெண்டு மழை தாங்குமா? என்னைக் கேட்டா, சொந்தக்காரங்க கிட்ட தகவல் சேர்றது ஒண்ணுதான் மலைக்கிராமத்துல உண்மையா வேலை செய்யும். அதைச் சரியா செஞ்சாங்களான்னு கேள்வி கேக்குறதுதான் நியமிச்ச வக்கீலோட முதல் வேலையா இருக்கணும்.

(திரையில்: வழக்குக் கட்டு, மேசை, எதிரே காலி நாற்காலி.)

"ஓடிப்போனவனுக்கு எதுக்கு வக்கீல்?" டீக்கடையில இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பிரான்ஸ் ஒரு காலத்துல அப்படித்தான் நினைச்சது. டீட்டர் கிராம்பாக்ங்கிற ஜெர்மன் டாக்டர் ஆஜராகலைங்கிறதால, அவரோட வக்கீல்களைப் பேசவே விடாம, 1995-ல பாரிஸ் நீதிமன்றம் அவருக்குப் பதினஞ்சு வருஷ சிறைத் தண்டனை கொடுத்தது. 2001-ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது தப்புன்னு தீர்ப்பு சொன்னது. ஆஜராகாததுக்குத் தண்டனையா வக்கீலைப் பறிக்கக் கூடாது. வராதது ஒரு குற்றம்னா அதுக்குத் தனியா தண்டனை கொடுங்க. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா வந்த நம்ம பாரதிய நியாய சன்ஹிதாவுலயே, பிரகடனக் குற்றவாளியா அறிவிச்சும் வராதவங்களுக்கு 209-வது பிரிவுல ஏழு வருஷம் வரைக்கும் சிறை இருக்கு. கொலையை அவர் செஞ்சாராங்கிறது வேற கேள்வி. அதுக்குச் சாட்சியைக் குறுக்கு விசாரணை பண்ண ஆள் வேணும்.

பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் இது முக்கியம். மத்தியப் பிரதேசத்துல அனோக்கிலால் வழக்குன்னு ஒண்ணு. 2013-ல சட்ட உதவி வக்கீலை நியமிச்ச அதே நாள்லயே குற்றச்சாட்டு வனைஞ்சாங்க. ரெண்டு வாரத்துக்குள்ள விசாரணை முடிஞ்சு தூக்குத் தண்டனைன்னு தீர்ப்பு. 2019 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணி, மறுபடியும் முதல்ல இருந்து விசாரிக்கச் சொன்னது. ஆயுளோ தூக்கோ வரக்கூடிய வழக்குல, நியமிக்கிற வக்கீலுக்குப் பத்து வருஷமாவது அனுபவம் இருக்கணும், தயாராகக் குறைஞ்சது ஏழு நாள் கொடுக்கணும்னும் சொன்னது. பேருக்கு ஒரு வக்கீலை நிறுத்தினா, அத்தனை சாட்சியும் திரும்பக் கூண்டுல ஏறணும்.

அந்த வழக்குல குற்றம் சாட்டப்பட்டவர் நேர்லயாவது இருந்தார். தலைமறைவானவரோட வக்கீல் அவர் முகத்தைக்கூடப் பாத்திருக்க மாட்டார். எஃப்.ஐ.ஆர். நேரத்துல இருக்கிற குழப்பத்தைப் பிடிப்பார், சாட்சி முன்னுக்குப் பின் முரணா பேசினா மடக்குவார். ஆனா சம்பவத்தன்னிக்கு அந்த மனுஷன் எங்க இருந்தார்ங்கிறது அவருக்கு எப்படித் தெரியும்? தோட்டத்துக் கூலி நோட்டு, பஸ் டிக்கெட், கூட வேலை பாத்தவங்க பேரு, இதெல்லாம் வீட்டுல இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். அதனால நோட்டீஸ் வந்தா மறைக்காதீங்க. நியமிச்ச வக்கீல் யாருன்னு கோர்ட்டுல கேட்டு, நேர்ல போய்ப் பாருங்க.

(திரையில்: "தீர்ப்புத் தேதி முதல் 3 வருஷம்".)

அப்பீல் பத்தியும் சொல்லிடறேன். தண்டனை வந்தா மேல்முறையீடு உண்டு, ஆனா அவர் அப்பீல் கோர்ட்டுல ஆஜராகணும். தீர்ப்பு வந்து மூணு வருஷம் தாண்டினா அந்தக் கதவும் மூடிடும். அந்த மூணு வருஷம், விஷயம் தெரிஞ்ச நாள்ல இருந்து இல்லைங்க, தீர்ப்புத் தேதியில இருந்து ஓடுது. இது ரொம்பக் கடுமைன்னு நான் நினைக்கிறேன். விசாரணை நடந்துக்கிட்டு இருக்கும்போதே வந்துட்டா, அவர் இல்லாதப்ப பதிவான சாட்சியத்தை விசாரிக்க நீதிமன்றம் அனுமதி கொடுக்கலாம்.

(திரையில்: 15100)

இப்ப உங்க வீட்டுல யாருக்காவது வாரண்ட் இருந்தா, அது தானா காலாவதி ஆகாது. போட்ட நீதிமன்றம் ரத்து பண்ற வரைக்கும் உயிரோட இருக்கும். வக்கீல் மூலமா ஆஜராகி, வாரண்டை ரத்து பண்ணச் சொல்லி வாரண்ட் ரீகால் மனு போடுங்க. வக்கீலுக்குக் காசு இல்லேன்னா சேலம் நீதிமன்ற வளாகத்துல இருக்கிற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, இல்லேன்னா 15100-ங்கிற சட்ட உதவி எண்ணுக்கு போன் பண்ணுங்க. சேலம் மாவட்டத்துல மலையாளி சமூகம் (கேரளாக்காரங்க இல்லைங்க, மலையில வாழ்ற மக்கள்) பழங்குடியினர் பட்டியல்ல இருக்கு. அவங்களுக்கும், எந்தச் சமூகமா இருந்தாலும் பெண்களுக்கும், வருமானம் எவ்வளவுன்னு பாக்காமலே இலவச வக்கீல் உண்டு. போகும்போது வழக்கு எண், எந்த நீதிமன்றம்ங்கிற விவரம், சாதிச் சான்றிதழ், கைக்கு வந்த நோட்டீஸ் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க.