பௌத்தம் எமக்கு அந்நியமன்று

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பௌத்தம் ஈழத் தமிழரின் மரபுச் சொத்தா, எம்மீது சுமத்தப்படும் அந்நிய சமயமா என்பது இன்றைய கேள்வி. மரபுச் சொத்தே என்று வாதிட வந்திருக்கிறேன். இதை யாழ்ப்பாணத்தில் நின்று சொல்வது எளிதன்று. எதிரணித் தலைவர் யாழ்ப்பாணத்துத் தையிட்டி ஊரை எடுத்துக் காட்டினார். தங்கள் காணியில் பௌத்த விகாரை எழுந்துவிட்டதென்று உரிமையாளர்கள் போயா என்னும் முழுநிலா நாட்களில் வெயிலில் நின்று போராடுவதைச் சொன்னார். நானும் அந்த மக்களின் பக்கமே நிற்கிறேன். 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை அதை நிலைநிறுத்தியது. ஒரு சமயம் அரசின் கையைப் பிடித்துக்கொண்டு வரும்போது அயலவருக்கு அச்சம் எழாமல் இருக்காது. ஆயினும் அது அரசின்மீது நாம் தொடுக்க வேண்டிய வழக்கு. அந்த வழக்கைக் காட்டிப் பௌத்தமே எமக்குரியதன்று என்று தீர்ப்பெழுதுவதைத்தான் நான் மறுக்கிறேன்.

சுன்னாகத்துக்கு அருகே கந்தரோடைக்குப் போய்ப் பாருங்கள். பனைகள் சூழ்ந்த ஒரு துண்டுக் காணியில் முருகைக்கல்லால் ஆன சின்னஞ்சிறு தூபிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. அனுராதபுரத்தில் மலைபோல் உயர்ந்து நிற்கும் தாதுகோபங்களின் சாயல் இவற்றில் இல்லை. சில ஓர் ஆளின் உயரத்தையும் எட்டாதவை. கட்டிய கல்லோ எமது மண்ணின் கல். 1917ஆம் ஆண்டளவில் வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் இவற்றை ஆராய்ந்து எழுதினார். நூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகம் அறிந்த இடம் இது. தெற்கிலிருந்து பேருந்துகளில் வருவோர் இங்கு வணங்கிச் செல்கிறார்கள். எமது பிள்ளைகளில் எத்தனை பேர் இதைப் பார்த்திருக்கிறார்கள்? கேட்டால், அது சிங்களவரின் இடம் என்கிறார்கள். அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாமே என்பதை வேதனையோடு சொல்கிறேன். பௌத்தச் சின்னம் கிடைத்த இடமெல்லாம் சிங்களவர் வாழ்ந்த இடமே என்று வாதிடுவோருக்கு, பௌத்தம் எமதன்று என்னும் எமது மறுப்பே முதற் சாட்சியாகிவிடுகிறது. எதிரணியின் வாதத்தை ஏற்றுக்கொண்டால், காக்க நினைக்கும் மண்ணின் ஒரு பகுதியை எமது வாயாலேயே எழுதிக் கொடுத்தவர்களாவோம்.

தமிழர் பௌத்தராக வாழ்ந்ததற்குக் கல்லே சான்று சொல்கிறது. திருகோணமலைக்கு அருகிலுள்ள வெல்கம் விகாரைக்குச் சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். அங்கு கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள் அந்தப் பௌத்தப் பள்ளிக்கு அளிக்கப்பட்ட கொடைகளைப் பதிவு செய்கின்றன. தஞ்சையில் பெருவுடையாருக்குக் கோயில் எடுத்த அதே இராசராசன், நாகபட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே விட்டுக் கொடுத்தான். வீரசோழியம் என்னும் தமிழ் இலக்கணத்தை இயற்றிய புத்தமித்திரர் பௌத்தர். சிவநெறிச் சோழருக்கு உறுத்தாத பௌத்தம் எமக்கு மட்டும் ஏன் உறுத்த வேண்டும்?

சம்பந்தர் பதிகந்தோறும் பத்தாம் பாட்டில் சமணரையும் புத்தரையும் சாடியதை எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் நினைவூட்டினார். தேவாரம் ஓதி வளர்ந்தவன் என்ற உரிமையோடு பதில் சொல்கிறேன். போதிமங்கையில் சம்பந்தரின் கூட்டத்தாரோடு வாதிட வந்த புத்தநந்தியும் சாரிபுத்தனும் கடல் கடந்து வந்த பகைவர்கள் என்று பெரியபுராணம் சொல்லவில்லை. அது ஒரே முற்றத்தில் நின்று அண்ணன் தம்பி வாதிட்டது போன்ற வழக்கு. பாட்டுக்குப் பாட்டு மறுக்க வேண்டிய அளவுக்குத் தமிழரிடையே பௌத்தம் வேரூன்றியிருந்தது என்பதற்குச் சம்பந்தரின் பத்தாம் பாட்டுகளைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பௌத்தத்தைப் பின்பற்றும் மக்களைப் பற்றியும் இங்கு கடுமையாகப் பேசப்பட்டது. பிக்குகளில் இனவாதம் பேசுவோர் உண்டு. அவர்களுக்காக நான் வாதிட மாட்டேன். ஆனால் நயினாதீவுக்குப் போகக் குறிகட்டுவான் துறையில் படகுக்குக் காத்து நிற்கும் வெள்ளையுடுத்த சிங்கள முதியவர்களையும் கணக்கில் எடுங்கள். நயினாதீவில் நாகவிகாரையை வணங்கியவர்களில் பலர் அப்படியே நாகபூசணி அம்மனிடமும் போகிறார்கள். திருநீற்றைக் கைநீட்டி வாங்கி, பிள்ளையின் நெற்றியிலும் பூசிவிடுகிறார்கள். எமது கண்ணகியைப் பத்தினித் தெய்வமாக இன்றும் வழிபடுகிறவர்கள் அவர்கள். இவர்களை வெறுத்து நாம் அடையப்போவது என்ன?

அந்த நயினாதீவையே மணிமேகலையின் மணிபல்லவம் என்று பலரும் கொள்வர். பசித்தவர் வயிற்றை நிறைக்கும் அமுதசுரபி மணிமேகலையின் கைக்கு வந்தது அந்தத் தீவில்தான். ஓர் ஆசனத்துக்காக நாக அரசர் இருவர் போரிட்டதையும், புத்தர் வந்து அந்தப் போரை நிறுத்தி அறம் உரைத்ததையும் தமிழ்க் காப்பியமும் சொல்கிறது. பாளியில் எழுதப்பட்ட மகாவம்சமும் சொல்கிறது. உரிமைச் சண்டையைத் தீர்த்து வைத்தவரின் பெயரால் ஏழையின் காணியை எடுப்பது எந்தத் தர்மம் என்று, இரண்டு நூல்களையும் விரித்து வைத்துக்கொண்டு பிக்குகளின் முகத்துக்கு நேரே நாம் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைப் புத்தரைத் தன்னவராகக் கொண்ட தமிழன் கேட்டால் அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்நிய சமயம் என்று ஒதுங்கி நிற்பவன் கேட்டால், உனக்கு இதில் என்ன வேலை என்று அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.