ரசிகர் கையில் கிளப்: பிப்ரவரி மாதச் சம்பளம் யார் கொடுப்பது?

அவைக்கு வணக்கம்.

இங்கிலாந்து கால்பந்தின் நான்காம், ஐந்தாம் அடுக்கில் தள்ளாடும் கிளப்புகளை ரசிகர்களே வாங்கி நடத்துவது பற்றி இன்று பேச்சு. இந்தத் தலைப்பில் நாம் வழக்கமாகக் கேட்பதெல்லாம் மீட்புக் கதைகள். முதலாளி கடனை விட்டுவிட்டுப் போகிறார், ரசிகர்கள் உண்டியல் ஏந்துகிறார்கள், கிளப் பிழைக்கிறது. நடந்தவைதான். 2011 ஆகஸ்டில், வேல்ஸில் இருந்துகொண்டு இங்கிலாந்து லீக்கில் ஆடும் ரெக்ஸம் கிளப்பிடம் லீக் நிர்வாகம் இரண்டரை லட்சம் பவுண்ட் பிணைத்தொகை கேட்டபோது, ரசிகர்கள் ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கு மேல் திரட்டினார்கள். 2013இல் போர்ட்ஸ்மத்தில் பங்கு ஒன்று ஆயிரம் பவுண்ட் என்று வைத்தும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாங்கினார்கள்.

ஆனால் அந்தப் பணம் கிளப் செத்துவிடுமோ என்ற பயத்தில் வந்த பணம். பயம் தெளிந்ததும் வரத்து நின்றுவிடும். சம்பளப் பட்டியல் நிற்காது. அதனால் நான் வாங்கிய கதையை விட்டுவிட்டு, வாங்கிய பிறகு வரும் முதல் பிப்ரவரியைப் பற்றிப் பேசுகிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எந்தக் கிளப்பின் கணக்கும் அல்ல, புரிவதற்காக நான் போட்டது. நான்காம் அடுக்குக் கிளப். 22 வீரர்கள், சராசரி வாரச் சம்பளம் ஆயிரம் பவுண்ட். ஆண்டுக்கு 11 லட்சத்து 44 ஆயிரம். அதற்கு மேல் முதலாளி பங்காகக் கட்ட வேண்டிய தேசியக் காப்பீடு இருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து, ஒருவருக்கு ஐயாயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட சம்பளத்தில் 15 சதவீதம். 22 பேருக்கும் சேர்த்து இன்னும் ஒரு லட்சத்து 55 ஆயிரம். ஆக, வீரர்களுக்கு மட்டுமே ஏறத்தாழ 13 லட்சம். மேலாளர், பிசியோ, அலுவலகம், மின்சாரம் எதுவும் இதில் சேரவில்லை.

இனி வரவு. 1,800 பேர் தலைக்கு 300 பவுண்டுக்கு சீசன் டிக்கெட் வாங்குகிறார்கள். ஐந்து லட்சத்து 40 ஆயிரம் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. டிக்கெட் விலைக்குள்ளேயே விற்பனை வரி 20 சதவீதம் அடக்கம், அதாவது வாங்கியதில் ஆறில் ஒரு பங்கு அரசாங்கத்துடையது. மிஞ்சுவது நாலரை லட்சம். நாம் சொன்ன சம்பளத்துக்கு அது பதினெட்டு வாரம் தாங்கும். ஜூலை முதல் தேதியிலிருந்து எண்ணினால் நவம்பர் முதல் வாரத்தில் கஜானா காலி. அந்த 1,800 பேரும் மே வரை வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள், கை தட்டுவார்கள், ஆனால் அவர்கள் பணம் எப்போதோ செலவாகிவிட்டது.

கேட்டில் டிக்கெட் வாங்கி வருபவர்கள் ஆட்டத்துக்கு 1,200 பேர், 18 பவுண்ட் வீதம். வரி போக 18 ஆயிரம். 24 அணிகள் உள்ள லீக்கில் உள்ளூர் ஆட்டங்கள் 23. மொத்தம் நாலு லட்சத்து 14 ஆயிரம். இப்போது பிப்ரவரிக்கு வாருங்கள். மழையில் மைதானம் தண்ணீர் கட்டி, இரண்டு ஆட்டங்கள் தள்ளிப்போகின்றன. 36 ஆயிரம் பவுண்ட் ஏப்ரலுக்கு நகர்கிறது. அதுவும் செவ்வாய்க்கிழமை இரவு ஆட்டமாக மாறுவதால் கூட்டம் குறையும். மாதச் சம்பளம் மட்டும் 95 ஆயிரம், தேதி தவறாமல் போயாக வேண்டும். ஜனவரி சம்பளத்தில் பிடித்த வரியைப் பிப்ரவரி 22க்குள் கட்ட வேண்டும். ‘வரித்துறைதானே, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒரு தடவை தள்ளிப்போடுவதுதான் பல கிளப்புகளின் முதல் சறுக்கல். நீதிமன்றத்தில் கிளப்பைக் கலைக்கச் சொல்லி மனுப் போட வரித்துறை தயங்குவதில்லை. மஞ்சக் கடுதாசி கொடுத்தும் தப்ப முடியாது. திவால் நிர்வாகத்துக்குப் போனால், இரண்டாம் அடுக்கிலிருந்து நான்காம் அடுக்கு வரை இருக்கும் கிளப்புக்கு 12 புள்ளிகள் வெட்டு.

இதற்கு மருந்து என்ன? பதின்மூன்று வாரப் பணவரவுக் கணக்கு ஒன்றை எழுதி, ஒவ்வொரு திங்களும் ஒரு வாரத்தைக் கழித்து ஒரு வாரத்தைச் சேர்க்க வேண்டும். ஆண்டு பட்ஜெட் லாபம் காட்டினாலும், எந்த வாரத்தில் கை வறண்டுபோகும் என்பதை இந்தத் தாள்தான் சொல்லும். சீசன் டிக்கெட் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு மாதாமாதம் பிரித்து எடுக்க வேண்டும். கோப்பைப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்போம் என்று வைத்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். அணி கீழ் அடுக்குக்குத் தரமிறங்கினால் சம்பளம் குறையும் என்று வீரர் ஒப்பந்தத்தில் விதி இருக்கிறதா என்று பாருங்கள். முன்னேறினால் தர வேண்டிய போனஸையும் கூட்டிப் பாருங்கள். ஜெயித்துக் கடனாளியான கிளப்புகளும் உண்டு.

மேலே போட்ட கணக்கில் இன்னும் நாலரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் துண்டு விழுகிறது. லீக் பிரித்துத் தரும் பணம், விளம்பரதாரர் பணம் போக மீதிக்கு, கிளப்பை வைத்திருக்க ரசிகர்கள் சேர்ந்து அமைக்கும் ரசிகர் அறக்கட்டளையின் சந்தா. 2,500 உறுப்பினர்கள் மாதம் ஐந்து பவுண்ட் கொடுத்தால் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். நல்ல தொகைதான், நிலைத்தால். எப்ஸ்ஃப்ளீட் யுனைடெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 2008இல் இணையத்தில் தலைக்கு 35 பவுண்ட் போட்டுச் சேர்ந்த சுமார் 30 ஆயிரம் பேர் கிளப்பின் பெரும்பங்கை வாங்கினார்கள். அந்த மே மாதமே, கீழ் அடுக்குக் கிளப்புகளுக்கான கோப்பையான எஃப்.ஏ. டிராபியை வெம்ப்ளியில் வென்றது அணி. இதைவிட நல்ல தொடக்கம் யாருக்கு வாய்க்கும்? ஆனால் முதல் புதுப்பித்தலிலேயே பெரும்பாலானோர் கழன்றுகொண்டார்கள். 2013இல் கிளப் வேறு கைக்குப் போனது. ஆண்டுச் சந்தா என்றால் உறுப்பினர் வருடத்துக்கு ஒரு தடவை ‘இது வேண்டுமா’ என்று யோசிக்கிறார். மாதாமாதம் வங்கியிலிருந்து தானாகப் போனால் அந்தக் கேள்வி எழுவது குறைவு. சின்ன வித்தியாசம், பெரிய பலன்.

சட்ட வடிவத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். அறக்கட்டளையைப் பெரும்பாலும் சமுதாய நலச் சங்கமாகப் பதிவு செய்கிறார்கள். ஒருவருக்கு ஒரு வாக்கு. பத்து பவுண்ட் போட்டவருக்கும் பத்தாயிரம் போட்டவருக்கும் அதே ஒன்று. ஜனநாயகத்துக்கு அழகு, பணக்கார ரசிகரிடம் இரண்டாம் முறை கேட்கப் போகும்போது சங்கடம்.

மைதானம் தனிக் கதை. ஸ்டாக்போர்ட் கவுன்ட்டியை 2005இல் ரசிகர் அறக்கட்டளை எடுத்தபோது எட்ஜ்லி பார்க் அவர்களுக்குச் சொந்தமாக வரவில்லை. வாடகைக்கு ஆடினார்கள். மைதானம் கையில் இல்லாவிட்டால் ஆட்டம் இல்லாத நாளில் அரங்கை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கும் வழி பெரும்பாலும் அடைபடும், அடமானம் வைக்கவும் ஒன்றும் இருக்காது. 2009இல் அந்தக் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது. 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி மைதானத்தைச் ‘சமுதாய மதிப்புள்ள சொத்து’ என்று உள்ளாட்சியிடம் பதியலாம். விற்க முனைந்தால் ரசிகர்கள் ஏலம் கேட்க ஆறு மாத அவகாசம் கிடைக்கும். அவகாசம் மட்டும்தான். ரசிகர்களுக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சொந்த மைதானத்துக்கும் விலை உண்டு. 2002இல் ரசிகர்களே தொடங்கிய ஏ.எஃப்.சி. விம்பிள்டன், தங்கள் பழைய வட்டாரமான ப்ளவ் லேனில் அரங்கு கட்டும்போது 2019 இறுதியில் ஒரு கோடி பவுண்ட் அளவுக்குத் துண்டு விழுந்தது. வெளி முதலீட்டாளருக்குப் பங்கு விற்கலாமா என்ற பேச்சு எழுந்ததும் ரசிகர்கள் கடன் பத்திரம் வெளியிட்டு 50 லட்சத்துக்கு மேல் திரட்டினார்கள். 2020 நவம்பரில் அணி வீடு திரும்பியது. கடன் பத்திரம் நன்கொடை அல்ல என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். தவணை தேதி வரும்.

அடுத்தது நிர்வாகம். தேர் இழுக்க ஆயிரம் கை போதும், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடத் தெரிந்தவர்கள் நாலு பேர்தான் இருப்பார்கள். அந்த நாலு பேர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். அறக்கட்டளைக் குழுவை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க, அந்தக் குழு கிளப் இயக்குநர்களை நியமிக்கிறது. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று எழுதி வைக்காவிட்டால், தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றதும் மேலாளரை நீக்குவது யார் என்ற சண்டை வரும். விளையாட்டு முடிவுகள் கிளப் இயக்குநர்களுக்கு. மைதான விற்பனை, பெரும்பங்கு விற்பனை, பெரிய கடன், கிளப் பெயர், நிறம் ஆகியவை உறுப்பினர் வாக்குக்கு. எந்தத் தொகைக்கு மேல் ‘பெரிய கடன்’ என்பதை எண்ணால் எழுத வேண்டும். இன்னொன்று: கிளப் தேறாது என்று தெரிந்த பின்னும் கடன் வாங்கிக்கொண்டே போனால், 1986ஆம் ஆண்டுத் திவால் சட்டப்படி சம்பளமே வாங்காத இயக்குநரும் சொந்தப் பணத்தில் பதில் சொல்ல நேரலாம். தேர்தலில் நிற்பவரிடம் இதை முன்பே சொல்லிவிடுவது நியாயம்.

நீண்ட நாள் தாக்குப்பிடித்தவர்களில் எக்ஸிட்டர் சிட்டி முக்கியம். 2003இல் நான்காம் அடுக்கிலிருந்து ஐந்தாம் அடுக்குக்கு விழுந்த நேரத்தில் ரசிகர்கள் எடுத்தார்கள். 2005 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில், ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை 0-0 என்று மடக்கி, மறு ஆட்டமும் கிடைத்ததில் பழைய கடனை அடைக்க வழி பிறந்தது. அது அதிர்ஷ்டம். அதற்குப் பிறகு செய்தது வேலை: இளைஞர் பயிற்சிப் பள்ளி. அங்கே வளர்ந்த ஆலி வாட்கின்ஸ் 2017இல் பிரென்ட்ஃபோர்டுக்குப் போனபோது, மறுவிற்பனையில் பங்கு என்று ஒரு வரி எழுதி வைத்தார்கள். 2020இல் அவர் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனதும் எக்ஸிட்டருக்கு மறுபடி பணம் வந்தது. அப்படிப்பட்ட பணத்தை அந்த ஆண்டுச் சம்பளத்தில் கரைத்தால் அடுத்த ஆண்டு அந்தச் சம்பளத்தைக் கொடுக்க இன்னொரு வாட்கின்ஸ் வேண்டும்.

கடைசியாக, விற்கும் நாள். அதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். போர்ட்ஸ்மத் ரசிகர்கள் கடனை அடைத்து, 2017இல் நான்காம் அடுக்குக் கோப்பையையும் வென்ற பிறகு, தாங்களே வாக்களித்து விற்றார்கள். கையில் வலு இருக்கும்போது பேசியதால் விலையோடு முதலீட்டு வாக்குறுதியும் கிடைத்தது. நாட்ஸ் கவுன்ட்டியில் 2009இல் நடந்தது வேறு. பெரும் முதலீடு வருகிறது என்ற பேச்சை நம்பி அறக்கட்டளை உறுப்பினர்கள் தங்கள் பங்கை விலை வாங்காமலே கொடுத்துவிட்டார்கள். இங்கிலாந்து அணியின் முன்னாள் மேலாளர் ஸ்வென் யோரான் எரிக்சன் வந்தார், அதே அணியின் முன்னாள் வீரர் சோல் கேம்பல் வந்து ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போனார், சொன்ன பணம் மட்டும் வரவில்லை. வாங்குபவர் பணத்தை வக்கீல் கணக்கில் போட்டுக் காட்டிய பிறகே வாக்கெடுப்பு என்று ஒரு விதி இருந்திருந்தால் போதும். 2010 பிப்ரவரியில் கிளப் ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. அந்த சீசன் நான்காம் அடுக்கில் சாம்பியன் யார் என்று பார்த்தால், அதே நாட்ஸ் கவுன்ட்டிதான்.