கண்டத்தின் அடி எங்கே?

வணக்கம் நேயர்களே. கனடாவின் பழம்பாறைப் பரப்புக்குக் கீழே பாறைக்கோளம், அதாவது தட்டாக நகரும் குளிர்ந்த, கெட்டியான பாறை அடுக்கு, எவ்வளவு தடிமன்? துளைபோட்டுப் பார்க்க வழியில்லை. உலகின் மிக ஆழமான துளையே 12 கிலோமீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டியது. நில அதிர்வு அலையின் வேகமும் அங்கே ஆழத்தோடு மெல்ல மெல்லவே மாறுகிறது. ‘இதுதான் எல்லை’ என்று கோடு போட முடிவதில்லை. அலை எந்தத் திசையில் வேகமாக ஓடுகிறது என்பதுதான் அந்த எல்லையைக் காட்டிக்கொடுக்கிறது.

புவியோட்டுக்குக் கீழே உள்ள மேன்டிலில் நிறைந்திருக்கும் ஆலிவின் படிகத்தில், நெட்டலை (போகும் திசையிலேயே பாறையை முன்னும் பின்னும் ஆட்டும் அலை) ஓர் அச்சில் நொடிக்கு 9.9 கிலோமீட்டரும், இன்னோர் அச்சில் 7.7 கிலோமீட்டரும் போகும். சூடான பாறை இழுபடும்போது வேகமான அச்சுகள் இழுபடும் பக்கம் திரும்புகின்றன, மரத்தில் ரேகை ஓடுவதைப் போல. குளிர்ந்த பாறைக்கோளத்தில் பழங்கால ரேகை உறைந்து கிடக்கிறது. அதற்குக் கீழே, தட்டு இன்று நகரும் திசையில் புது ரேகை. பழசு முடிந்து புதுசு தொடங்கும் ஆழமே கண்டத்தின் அடி.

புவிக்கருவைக் கடந்து ஏறக்குறையச் செங்குத்தாக ஏறிவரும் குறுக்கலை (பாறையைப் பக்கவாட்டில் ஆட்டும் அலை) ரேகையுள்ள பாறையில் வேகமானது, மெதுவானது என இரண்டாகப் பிரிகிறது. இரண்டும் வந்துசேரும் இடைவெளி 1 நொடி, வேக வேறுபாடு 4 சதவீதம் என்றால், சுமார் 110 கிலோமீட்டர் கனத்துக்கு ரேகை இருக்கிறது. ஆனால் எந்த ஆழத்தில்? அதை இந்த அலை சொல்லாது. மேற்பரப்பு அலை சொல்லும்: அலைநீளத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்தை அது நன்றாக உணர்கிறது. ஓர் ஆட்டத்துக்கு 40 நொடி எடுக்கும் அலை சுமார் 50 கிலோமீட்டரை, 150 நொடி அலை 200 கிலோமீட்டருக்கும் கீழே. இரண்டு வகை அலையையும் சேர்த்துக் கணித்த நில அதிர்வு ஆய்வாளர்கள் யுவானும் ரோமனோவிச்சும் 2010இல் வட அமெரிக்கப் பழம்பாறைக்கு 180 முதல் 240 கிலோமீட்டர் என்றார்கள்.

கிடைமட்டமாக ஆடும் குறுக்கலையை மட்டும் நம்பினால் 400 கிலோமீட்டர் என்று விடை வரும். கண்டம் அவ்வளவு கனமில்லை. 250 கிலோமீட்டருக்குக் கீழே அந்த அலை செங்குத்தாக ஆடும் அலையைவிட வேகமாக ஓடுவதால் வரும் மயக்கம் அது.

நிலநடுக்கங்கள் ஒரே பக்கத்திலிருந்து வந்தால் இரண்டு அடுக்கு ஒன்றாகத் தெரியும். அடுக்கு இரண்டு என்றால், அலை வரும் திசையோடு அளவீடு மாறி, 90 பாகைக்கு ஒருமுறை திரும்ப வரும். அதைக் காணப் பல பக்கத்து நிலநடுக்கங்கள் வேண்டும். நில அதிர்வுக் கருவியின் வடக்குக் குறி விலகியிருந்தால் ரேகையும் அதே அளவு விலகும். நெட்டலையின் ஆட்டம் நிலநடுக்கம் நேர்ந்த திசையோடு பொருந்துகிறதா என்று முதலில் சரிபாருங்கள்.

பழைய ரேகையும் இன்றைய நகர்வும் தற்செயலாக ஒரே திசையில் அமைந்துவிட்டால் எல்லையே மறைந்துவிடும். அங்கே, எல்லையில் குறுக்கலை நெட்டலையாக மாறி முந்திவரும் சிறு துடிப்பைத்தான் தேட வேண்டும்.