3,500 சுற்றில் ஒரு பள்ளம்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினைப் பிரிக்காமல், அது காற்றை இழுக்கும் வழியையும் புகையை வெளியேற்றும் வழியையும் மட்டும் மாற்றிக் கூடுதல் குதிரைத்திறன் பெறுவது பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். பொதுவாகப் பேசினால் இந்தப் பொருள் கைக்குப் பிடிபடாது என்பதால், ஜப்பானில் பணியாற்றிய ஆண்டுகளில் நானே ஓட்டி, நானே பிரித்துப் பூட்டிய ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன். டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கி, குன்மா மாநிலத்து ஓட்டா நகரிலுள்ள சுபாரு ஆலையில் தயாரித்து, 2012ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த டொயோட்டா 86 தான் அது. சுபாரு பிஆர்இசட் அதன் இரட்டைப் பிறவி.

இந்தக் காரை வாங்குபவர் அதை மாற்றியமைப்பார் என்பதைத் தயாரித்தவர்களே எதிர்பார்த்தார்கள். ஏசி இல்லாமல், வண்ணம் பூசாத பம்பர்களுடன், 19 லட்சத்து 90 ஆயிரம் யென் விலையில் ஆர்சி என்ற ஒரு வகையை ஜப்பானில் விற்றார்கள். எப்படியும் கழற்றப் போகிறவருக்கு எதற்குக் கூடுதலாகப் பூட்டிக் கொடுக்க வேண்டும் என்ற அந்த எண்ணத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

எஞ்சின் 1,998 சிசி. நான்கு சிலிண்டர்களும் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்திருக்கும் பாக்ஸர் வகை. சிலிண்டரின் விட்டமும் பிஸ்டனின் ஓட்டமும் ஒரே அளவு, 86 மில்லிமீட்டர். எஞ்சின் நிமிடத்துக்கு 7,000 சுற்று சுழலும்போது 200 குதிரைத்திறன். 6,400 முதல் 6,600 சுற்றுக்குள் 205 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது நம் மெக்கானிக்குகள் 'இழுவை' என்று சொல்லும் திருகுவிசை. விளம்பரத் தாளில் இவ்வளவுதான் இருக்கும். ஆனால், காரை, அதன் சக்தியை அளக்கும் டைனமோமீட்டர் கருவியின் உருளைகளின் மேல் ஏற்றி, பட்டைகளால் இழுத்துக் கட்டி, முன்னால் பெரிய மின்விசிறியை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தால், திரையில் வேறொரு கதை தெரியும். ஒழுங்காக ஏறிவரும் இழுவைக் கோடு 3,500 சுற்றை ஒட்டிச் சட்டென்று இறங்கி, 4,500 சுற்றுக்கு அருகில்தான் மறுபடி மேலே வருகிறது. இந்தக் காரை ஓட்டியவர்கள் எல்லோரும் அறிந்த பள்ளம் அது. மலைச்சாலையில் வளைவை விட்டு வெளியேறும்போது எஞ்சின் பெரும்பாலும் அந்தச் சுற்றில்தான் இருக்கும் என்பதால், உச்சியில் கூடும் ஐந்து குதிரைத்திறனைவிட இந்தப் பள்ளத்தைத் தூர்ப்பதுதான் ஓட்டுபவருக்குப் பெரிதாகத் தெரியும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் காற்று உள்ளே வரும் வழி. நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கிறது என்றாலும், 7,000 சுற்றில் இந்த இரண்டு லிட்டர் எஞ்சினுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,000 லிட்டர் காற்று வேண்டும். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விநாடியும் கிட்டத்தட்ட ஆறு கேன். இவ்வளவு காற்றும் மடிப்பு மடிப்பான ஒரு காகித ஃபில்டரைக் கடந்து போவதைப் பார்க்கும்போது, அதைத் தூக்கிவிட்டுக் கூம்பு வடிவ ஃபில்டர் ஒன்றை மாட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இந்தக் காரின் காற்றுப் பெட்டி ஏற்கெனவே முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை இழுக்கும்படிதான் அமைந்திருக்கிறது. பெட்டியை அகற்றிவிட்டுக் கூம்பைத் திறந்தபடி மாட்டினால், அது ரேடியேட்டரின் வெப்பக் காற்றை இழுக்கும். 20 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால் 50 டிகிரிக் காற்றின் அடர்த்தி ஒன்பது சதவீதத்துக்கும் மேல் குறைவு. ஓசை கூடும், சக்தி குறையும்.

இன்னொன்றையும் அனுபவத்தில் சொல்கிறேன். கழுவிப் பயன்படுத்தும் பருத்தி ஃபில்டருக்கு எண்ணெய் தடவ வேண்டும். நான் சற்று அதிகமாகத் தடவிவிட்டேன். ஃபில்டருக்கு அடுத்த குழாயில், உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சார் இருக்கிறது. சூடேறிய மெல்லிய கம்பி ஒன்று காற்றால் எவ்வளவு குளிர்கிறது என்பதைக் கொண்டு அது கணக்கிடுகிறது. அந்தக் கம்பியில் எண்ணெய் படிந்து கணக்குப் பிழைத்ததால், சிக்னலில் நிற்கும்போதெல்லாம் எஞ்சின் தடுமாறியது. அதற்குரிய ஸ்ப்ரேயால் கழுவியதும் சரியாயிற்று. குழாயின் விட்டத்தை மாற்றினாலும் இதே கணக்கு தவறும் என்பதால், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரில் அளவுத்திருத்தம் செய்யாமல் அகலமான குழாயை மாட்டக் கூடாது.

இனி, புகை வெளியேறும் வழி. உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. எஞ்சினிலிருந்து புகை ஆறுபோல ஒழுகுவதில்லை; துடிப்புத் துடிப்பாக வருகிறது. 7,000 சுற்றில் விநாடிக்கு 230க்கும் மேற்பட்ட துடிப்புகள். ஒவ்வொரு துடிப்பும் அழுத்த அலையாகக் குழாயில் ஓடி, குழாய்கள் ஒன்றுசேர்ந்து இடம் அகலும் சந்திப்பில் பட்டு, குறையழுத்த அலையாக வால்வை நோக்கித் திரும்புகிறது. சூடான புகையில் இந்த அலைகள் விநாடிக்கு 500 மீட்டருக்கும் மேலான வேகத்தில் செல்கின்றன. உள்வால்வும் வெளிவால்வும் சற்றே ஒன்றாகத் திறந்திருக்கும் அந்த நொடித் துளியில் குறையழுத்த அலை வந்து சேர்ந்தால், எஞ்சிய புகையை வெளியே உறிஞ்சி, புதிய காற்றையும் உள்ளே இழுத்துக் கொடுக்கும். நேரம் தவறி அழுத்த அலை வந்தால், வெளியேற வேண்டிய புகையையே சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளும். குழாயின் நீளம் மாறாதது என்பதால், எந்தச் சுற்றில் அலை உதவும், எந்தச் சுற்றில் கெடுக்கும் என்பதை அந்த நீளமே தீர்மானிக்கிறது. எஞ்சினைத் தொடாமல், சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்த் தொகுதியான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மட்டும் மாற்றி, அதற்கேற்ப அளவுத்திருத்தமும் செய்தால் பள்ளம் பெருமளவு தூர்ந்துவிடுகிறது; ஆகவே அதில் பெரும்பங்கு இந்த அலைகளுடையது.

மாற்றாகக் கிடைக்கும் மேனிஃபோல்டுகளில் சம நீளக் குழாய்கள் உள்ளவையும் உண்டு, சமமற்ற நீளம் உள்ளவையும் உண்டு. பழைய சுபாரு கார்களின் அந்தக் குமுறும் ஓசை, துடிப்புகள் சமமற்ற இடைவெளியில் வந்து சேர்வதால் பிறப்பது. அதை விரும்புகிறவர்கள் இரண்டாம் வகையை வாங்குகிறார்கள். சக்திக்காக வாங்குபவர் சம நீளத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பாக்ஸர் எஞ்சினில் மேனிஃபோல்டு அடியில் இருக்கிறது. காரைத் தூக்கி நிறுத்தி, முந்தைய இரவே துருநீக்கி எண்ணெய் தெளித்து ஊறவைத்த நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறக்கினால், கையில் வருவது பெரும்பாலும் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் எடைதான்; முதல் கன்வெர்ட்டர் மேனிஃபோல்டோடு சேர்ந்தே இருக்கிறது. இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டுகளைப் புதிதாகவே போட வேண்டும். மயிரிழைக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று நுழைந்து, ஆக்சிஜன் சென்சார் தவறாகப் படித்து, தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டச் சொல்லும்.

அந்தக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறுங்குழாய் மாட்டுங்கள், இன்னும் சக்தி கூடும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் தணிக்கும் பொருளை நீக்கிவிட்டு, அடுத்தவர் மூச்சில் சேர்த்து எடுக்கும் குதிரைத்திறன் எனக்கு வேண்டாம். அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டம் அதை நீக்குவதைத் தடை செய்கிறது. ஜப்பானில் ஷாக்கென் எனப்படும் கட்டாயப் பரிசோதனையில் அந்தக் கார் தேறாது. அவசியமும் இல்லை: எச்கேஎஸ் போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் கன்வெர்ட்டருடன் கூடிய மேனிஃபோல்டையே இந்தக் காருக்கு விற்றன.

பின்பக்க சைலன்சரை மாற்றுவதால் சிறிது எடை குறையும், ஓசை மாறும். சக்தி அதிகம் வராது. இந்தக் கார் வந்த காலத்தில் ஜப்பானில் நிறுத்தி வைத்து அளக்கும் ஓசையின் வரம்பு 96 டெசிபெல்.

கடைசியாக, கம்ப்யூட்டரின் அளவுத்திருத்தம். 12.5க்கு 1 என்ற உயர்ந்த அழுத்த விகிதம் கொண்ட எஞ்சின் இது. உள்வால்வு, வெளிவால்வு இரண்டின் திறப்பு நேரத்தையும் ஓடும்போதே மாற்றக்கூடியது. புதிய மேனிஃபோல்டின் அலைகள் எப்போது வருகின்றனவோ அதற்கேற்ப இந்த நேரங்களையும் தீப்பொறியின் நேரத்தையும் திருத்தினால்தான் வாங்கிய குழாய் முழுப் பலன் தரும். பட்டியலில் கடைசியாக வந்தாலும், இதற்கான பணத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

தயாரித்தவர்களும் அந்தப் பள்ளத்தை விட்டுவிடவில்லை. 2017ஆம் ஆண்டு மாதிரியில் காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டை அலுமினியத்தில் தந்து, கைக்கியர் கார்களில் திருகுவிசையை 212 நியூட்டன் மீட்டராக உயர்த்தினார்கள். 2021இல் வந்த இரண்டாம் தலைமுறையில் சிலிண்டரின் விட்டத்தை 94 மில்லிமீட்டராக அகலப்படுத்தி, எஞ்சினை 2,387 சிசி ஆக்கினார்கள். அதன் உச்ச இழுவை 250 நியூட்டன் மீட்டர். அது கிடைப்பது, பழைய காரின் கோடு குழிவிழுந்து கிடந்த அதே இடத்தில், 3,700 சுற்றில்.