காதல் படத்தைத் தாங்குவது சறுக்கலே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

தனித்திருக்கும் பெண் காதல் தேடும் நகைச்சுவைப் படத்தைத் தாங்குவது காதலனா, கதாநாயகியின் சறுக்கலா? இதுதான் தலைப்பு. சறுக்கலே என்று சொல்ல வந்திருக்கிறோம். இரண்டு அணியும் எடுத்துக்கொண்ட படம் ஒன்றுதான்: 2001இல் வந்த 'பிரிட்ஜெட் ஜோன்ஸஸ் டயரி'. கதாநாயகி பிரிட்ஜெட்டுக்கு லண்டனில் ஒரு பதிப்பகத்தில் வேலை, வயது முப்பதைத் தாண்டியாயிற்று, கல்யாணம் ஆகவில்லை. எடை எவ்வளவு, சிகரெட் எத்தனை, மது எவ்வளவு என்று டயரியில் கணக்கு எழுதுகிறவள். இந்தப் பக்கம் பேச்சிலேயே மயக்கும் மேலதிகாரி டேனியல். அந்தப் பக்கம் விறைப்பான வக்கீல் மார்க் டார்சி.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் நாயகன் டார்சிதான் இந்த மார்க். 1995 பிபிசி தொடரில் அந்த டார்சியாக வந்த காலின் ஃபிர்த்தையே இதிலும் போட்டார்கள். அவர் முகத்துக்குத்தான் கூட்டம் என்றார். தகவலில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முகம் எப்படி அறிமுகமாகிறது? புத்தாண்டு விருந்தில் முதுகைக் காட்டி நிற்கிறார். திரும்புகிறார். மார்பு முழுக்கக் கலைமான் தலை பின்னிய ஸ்வெட்டர்! காதலனுக்கே ஒரு சறுக்கலைக் கொடுத்த பிறகுதான் நம் மனசுக்குள் விடுகிறார்கள்.

சறுக்கல் என்றால் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுவது அல்ல, நடுவர் அவர்களே. அதற்குச் சிரிப்பு வரும், பாசம் வராது. முதலில் அவளுக்கு என்ன வேண்டும் என்று காட்ட வேண்டும். அதற்காக அவள் மெனக்கெட வேண்டும். அந்த மெனக்கெடலுக்குள்ளேயே கோளாறு இருக்க வேண்டும். சூப் காட்சியைப் பாருங்கள். பிறந்தநாளுக்கு நண்பர்களை அழைத்து, தானே சமைக்கிறாள். வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ் தண்டுகளைக் கட்டாகக் கட்டிக் கொதிக்கவிடுகிறாள். கட்டிய நூல் நீலம். சாயம் இறங்கி சூப்பும் நீலம். சோம்பலால் கெடவில்லை, அக்கறையால் கெட்டது! அந்த நேரத்தில் மார்க் வருகிறார், ஆம்லெட் போட்டுக் கொடுக்கிறார். சூப் ருசியாக வந்திருந்தால் அவருக்கு அந்த அடுப்படியில் என்ன வேலை? காதலன் உள்ளே நுழையும் வாசலைத் திறந்துவிட்டதே அந்தச் சாயம்தான்.

எனக்கு அதைவிட உயர்வாகத் தெரிவது முயல் உடை. மாறுவேட விருந்து என்று நம்பி முயல்காதும் வாலுமாகப் போய் நிற்கிறாள். வேடம் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது, அவளுக்குத் தகவல் வரவில்லை. சாதாரண எழுத்தாளர் அந்தச் சிரிப்போடு காட்சியை முடித்துவிடுவார். இங்கே அதே உடையோடு அவளை டேனியல் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே இன்னொரு பெண். சிரிக்க வைத்த அதே காதும் வாலும் இப்போது நெஞ்சை அறுக்கின்றன. உடை மாறவில்லை, நம் பார்வைதான் மாறியது.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. சறுக்கலுக்கு மேல் சறுக்கலாக அடுக்கிக்கொண்டே போனால் கதாநாயகி அசடாகிவிடுவாள். அதனால்தான் பதிப்பகத்தை விட்டுத் தொலைக்காட்சி நிருபராகி, நேரலையில் தீயணைப்பு நிலையக் கம்பத்தில் சறுக்கி, கேமரா மேலேயே வந்து விழுந்தவளுக்குப் பிறகு ஒரு வெற்றி வைத்திருக்கிறார்கள்: நீதிமன்ற வழக்கு ஒன்றில் வேறு யாருக்கும் கிடைக்காத நேர்காணல். அதை வாங்கிக் கொடுத்தது மார்க்தானே என்பீர்கள். ஆமாம். ஆனால் சிகரெட் வாங்கக் கடைக்குப் போய்ச் செய்தியைக் கோட்டைவிட்டதால்தானே அந்தக் கடையில் அவரைப் பார்க்கிறாள்!

ஒன்றை மனம் திறந்து ஒப்புக்கொள்கிறேன். உடல் எடையையும் ஒரு சறுக்கலாகக் கணக்கெழுதும் இடங்கள் இன்று உறுத்துகின்றன, உறுத்தத்தான் வேண்டும். அதற்குப் படத்துக்குள்ளேயே ஒரு பதில் இருக்கிறது: நீ இப்போது இருக்கிறபடியே உன்னைப் பிடிக்கும் என்கிறார் மார்க். சறுக்கல்களை நாம் முன்பே பார்த்திருப்பதால்தான் அந்த வார்த்தைக்கு எடை.

நடித்தவர் டெக்சாஸில் பிறந்த ரெனே ஜெல்வெகர். ஆங்கிலேய உச்சரிப்பைப் பயின்றார், எடை கூட்டினார், லண்டன் பதிப்பகம் ஒன்றில் சில வாரம் வேலையும் பார்த்தார். இந்தப் படத்துக்கு வந்த ஒரே ஆஸ்கர் பரிந்துரை அவருக்குத்தான். காதலர்கள் இருவருக்கும் இல்லை.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். மார்க் வந்திருக்கிறார். நல்ல உள்ளாடையாக மாற்றிக்கொள்ள அவள் அறைக்குள் போகிறாள். அந்த இடைவெளியில் டயரி அவர் கண்ணில் படுகிறது. அவரைத் திட்டி எழுதிய பக்கம். திரும்பி வந்தால் ஆள் இல்லை. கொட்டும் பனியில் அரைகுறை உடையோடு தெருவில் ஓடுகிறாள். இதிலும் அதே கணக்குதான், நடுவர் அவர்களே: அழகாக நிற்க நினைத்த ஆசையே கோளாறாகிறது. மார்க்கோ கோபித்துக்கொண்டு போகவில்லை, புது டயரி வாங்கத்தான் போனார். டயரியை அவள் பூட்டி வைத்திருந்தால் அந்த ஓட்டமும் இல்லை, பனியில் அந்த முத்தமும் இல்லை.

மணி அடித்துவிட்டது, அமர்கிறேன். நன்றி, வணக்கம்.